நூலகங்கள் பேசிப் பழகிய ஊர்கள்

சிகாகோ

அமெரிக்கா போகிறவர்கள் நயாகரா பார்ப்பார்கள், சுதந்திர தேவி சிலையோடு படம் எடுத்துக்கொள்வார்கள். என் வழி கொஞ்சம் கோணல். மதுரையில் பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்யும் நண்பர்களோடு சேர்ந்து அலைகிறவன் நான். எங்கள் பட்டியலை அடுத்த ஊர் மின்நூலகத்தால் படிக்க முடியாது, அவர்களுடையது எங்களுக்குப் புரியாது என்ற நிலையோடு மல்லுக்கட்டிச் சலித்தவன். இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் எந்தெந்த ஊர்களில் உட்கார்ந்து பேசினார்கள் என்று நேரில் பார்க்க ஆசை. சிகாகோ, சாண்டா ஃபே தவிர மற்ற ஊர்களைச் சுற்றுலாக்காரர்கள் அதிகம் சீண்டுவதில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரீகன்ஸ்டைன் நூலகத்தை ஒட்டி ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம் ஒன்று நிற்கிறது. ஒரு பக்கமிருந்து மண்டையோடு, இன்னொரு பக்கமிருந்து காளான் மேகம். 1942 டிசம்பர் 2 அன்று அணுத் தொடர்வினையை முதன்முதலாக மூட்டி அடக்கிக் காட்டிய இடம் அது. அன்று அங்கே விளையாட்டு மைதானம். பார்வையாளர் படிக்கட்டுகளுக்குக் கீழே உலை. மைதானம் போய் நூலகம் வந்தது. பக்கத்திலேயே 2011இல் திறந்த மான்சுவேட்டோ நூலகம்: மேலே முட்டை வடிவக் கண்ணாடிக் கூரை, கீழே 15 மீட்டர் ஆழத்துக்கு நிலவறை. 35 லட்சம் நூல்கள் கொள்ளும். பெட்டிகளை எடுத்து வருவது இயந்திரக் கைகள். அங்கே நூல்களைப் பொருள் பார்த்து அடுக்குவதில்லை, அளவு பார்த்து அடுக்குகிறார்கள். திருக்குறள் உரைக்குப் பக்கத்தில் கால்நடை மருத்துவம் இருக்கலாம். பட்டியலில் ஒரு பதிவு பிசகினால் அந்தப் புத்தகம் மண்ணுக்குள் போனதுதான்.

இங்கே தமிழ் நூல்கள் ஏராளம். அவை வந்தது கோதுமையால். நம் பெற்றோர் ரேஷன் கடையில் வாங்கிய அதே பி.எல். 480 கோதுமை. பி.எல். 480 என்பது 1954ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம்; அதன்படி இந்தியா கோதுமைக்கு ரூபாயில் பணம் கட்டியது. அந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நாம் எடைக்குப் போட்ட வாரப் பத்திரிகைகள் இங்கே பைண்டு செய்யப்பட்டு நிற்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறகு 1990களில் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பையும் இதே பல்கலைக்கழகம்தான் வாங்கியது. ஆனால் நூல்களைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்தது. அந்த விவேகத்துக்கு ஒரு கும்பிடு.

என்னை உள்ளே அழைத்துப் போனது தென்காசிக்காரப் பெண், ஆய்வு மாணவி. குஜிலிப் பதிப்பு எனும் மலிவுச் சிறுநூல் ஒன்றை மேசையில் வைத்தார். உள்ளங்கை அகலம், பழுப்பேறிய தாள், தொட்டால் ஓரம் உதிர்கிறது. முகப்பில் ‘பிரபவ வருஷம் வைகாசி மாதம்’ என்று மட்டும் இருந்தது. ஆங்கில வருஷம் கிடையாது.

“எந்தப் பிரபவன்னு சொல்லுங்க சார்” என்றார்.

பிரபவ 1867இலும் வந்தது, 1927இலும் வந்தது. அறுபது வருஷச் சக்கரத்தில் எந்தச் சுற்று என்று முகப்பு சொல்லவில்லை. பதிவு போட்ட நூற்பட்டியலாளர் அச்சையும் தாளையும் பார்த்திருப்பார், உறுதியாகவில்லை போலும். இரண்டு வருஷத்தையும் எழுதி, முன்னால் ‘கியூ’ என்று ஓர் எழுத்தைப் போட்டு வைத்திருக்கிறார். மார்க் என்கிற நூற்பட்டியல் வடிவத்தில் அதற்கு ‘தேதி ஐயத்துக்குரியது’ என்று பொருள். காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற பெண்மணி 1960களில் வடிவமைத்தது மார்க். சந்தேகத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கிய வடிவம் என்று தெரிந்ததும் அந்த அம்மையார் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அதே பதிவில் தலைப்பு ரோமன் எழுத்தில், றகர னகரங்களுக்கு அடியில் கோடிட்டு இருந்தது. சீனம், அரபி, ஹீப்ரு போன்ற சில எழுத்துகளுக்கு மட்டுமே கணினிப் பதிவில் நெடுங்காலம் இடமிருந்தது, தமிழுக்கு இல்லை. தமிழில் தட்டித் தேடுகிறவருக்கு இந்தப் புத்தகம் அகப்படாது.

அன்றிரவு அந்தப் பெண்ணின் அறையில் வத்தக்குழம்பு. சுண்டை வற்றல் தென்காசி, அரிசி டெக்ஸாஸ்.

டப்ளின், ஓஹையோ

அயர்லாந்து டப்ளின் இல்லை இது. கொலம்பஸ் நகரத்தின் விளிம்பில், சயோட்டோ ஆற்றங்கரையில் உள்ள புறநகர். சீராக வெட்டிய புல்வெளி, ஆளில்லாத நடைபாதை, எங்கே திரும்பினாலும் அலுவலகக் கட்டடம். பார்க்க ஒன்றுதான் உண்டு: சோளக்கொல்லை. மால்கம் காக்ரன் என்ற சிற்பி 1994இல் மக்காச்சோளக் கதிர்களை ஆளுயரத்துக்குக் கான்கிரீட்டில் வார்த்து, புல்லில் வரிசையாக நட்டிருக்கிறார். மொத்தம் 109 கதிர்கள். ஒட்டுரகச் சோளத்தை வளர்த்தெடுத்த சாம் ஃபிரான்ட்ஸின் வயலாக இருந்த இடம் அது. கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

நான் இந்த ஊருக்கு வந்த காரணம் வேறு. 1994 அக்டோபரில் சிகாகோவில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டின்போது, நடைக்கூடத்தில் சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். வலையில் அப்போதே சுமார் 5 லட்சம் பொருள்கள் சேர்ந்திருந்தன, தேடினால் எதுவும் கிடைக்காது. அந்தப் பேச்சு வளர்ந்து 1995 மார்ச்சில் இந்த ஊரில் கூட்டமானது. நூலகர்கள், கணினிக்காரர்கள், ஆவணக்காரர்கள் என்று 52 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆசை, ஒரு பிடிவாதம். கடைசியில், ஒரு மின்பொருளைப் பற்றி ஆகக் குறைந்தது என்ன தெரிய வேண்டும் என்ற கேள்விக்குள் எல்லோரையும் அடக்கினார்கள். முதலில் 13 கட்டங்கள், அடுத்த வருஷம் 15: தலைப்பு, ஆக்கியவர், பொருள், விவரம், வெளியிட்டவர், பங்களித்தவர், தேதி, வகை, வடிவம், அடையாள எண், மூலம், மொழி, தொடர்பு, பரப்பு, உரிமை. எதுவும் கட்டாயமில்லை, எதையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். ஊர்ப் பெயராலேயே டப்ளின் கோர் என்று பெயர். 2003இல் சர்வதேசத் தரமாகவும் ஆகிவிட்டது.

கூட்டத்தை நடத்திய அமைப்புகளில் ஒன்றான ஓ.சி.எல்.சி. நிறுவனம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஃபிரெட்ரிக் கில்கோர் 1967இல் ஓஹையோ கல்லூரி நூலகங்களுக்காகத் தொடங்கியது. ஊரின் இன்னொரு பெரிய முகவரி வெண்டீஸ் ஹாம்பர்கர் தலைமையகம். எந்தக் கிளையில் கடித்தாலும் ஒரே ருசி. அந்த ஒருமைப்பாட்டை நூலகர்களிடம் கேட்டிருந்தால் 1995 கூட்டம் முதல் நாளே கலைந்திருக்கும்.

நூற்பட்டியல் வேலையில் காலம் கழித்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் காப்பிக் கடையில் எனக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு டப்பா நிறைய பக்கை மிட்டாய். வேர்க்கடலை விழுதைச் சாக்லேட்டில் முக்கி, மேலே ஒரு வட்டம் மட்டும் பழுப்பாகத் தெரியும்படி விட்டிருப்பார்கள். பையிலிருந்து பழைய நூலக அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். பன்னிரண்டரைக்கு ஏழரை சென்டிமீட்டர். அடியில் நடுவே ஒரு துளை. இழுப்பறைக் கம்பி அதன் வழியே ஓடும், அட்டையை யாரும் உருவிக்கொண்டு போக முடியாது.

“அளவையும் துளையையும் நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்கினார்கள். எழுதுகிற கையெழுத்தைக்கூட நூலகப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனாலும் ஒரே புத்தகத்துக்கு ஆயிரம் ஊரில் ஆயிரம் பேர் உட்கார்ந்து அட்டை எழுதினோம்” என்று சிரித்தார்.

அது மாறியது 1971 ஆகஸ்ட் 26. ஓஹையோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகம் ஓ.சி.எல்.சி.யின் கம்பிவழிப் பொதுப் பட்டியலில் முதன்முதலாக நுழைந்தது. முதல் நாள் 133 நூல்கள். ஒருவர் போட்ட பதிவை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், கணினி வந்தும் அட்டை ஓயவில்லை. கணினியே அச்சடித்து அனுப்பியது. கடைசி அட்டை வெளியேறியது 2015 அக்டோபர் 1. அதுவரை போனவை சுமார் 190 கோடி.

சிகாகோவில் பார்த்த பிரபவ வருஷத்தை இந்த அம்மாவிடம் சொன்னேன். 15 கட்டத்தில் அது எப்படி உட்காரும்? தேதிக் கட்டத்தில் இரண்டு வருஷத்தையும் போடலாம். ஆனால் வாங்கிக்கொள்கிற கணினிக்கு அது இரண்டு தேதியாகத்தான் தெரியும், இரண்டில் ஒன்று என்று தெரியாது. ‘கியூ’ வழியிலேயே உதிர்ந்துவிடும்.

“உதிரும்தான். எல்லாம் ஒட்டிக்கொண்டு வர வேண்டுமென்றால் எதுவும் வராது” என்றார் அவர், மிட்டாய் டப்பாவை என் பக்கம் தள்ளியபடி.

இத்தாக்கா

டப்ளினிலிருந்து வடகிழக்கே போகும் வழியில் ஹோம்ஸ் வட்டாரம். ஆமிஷ் மக்களின் கறுப்புக் குதிரை வண்டிகள் சாலையோரமாகக் குளம்படி தாளத்தோடு போகின்றன. பின்னால் கார்கள் பொறுமையாக ஊர்கின்றன. பென்சில்வேனியா முழுக்க மழை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கயூகா ஏரியின் தென்கோடியில் இத்தாக்கா. ஊருக்குள்ளேயே அருவிகள். கார்னெல் பல்கலைக்கழகம் மேட்டில், ஊர் பள்ளத்தில். இடையே காஸ்கடில்லா ஓடை பாறையை அடுக்கடுக்காக அறுத்துக்கொண்டு இறங்குகிறது. ஓரமாகக் கல்படிகள். தாமிரபரணிக்கரைக்காரனுக்கு அருவி புதிதில்லை. ஆனால் வகுப்புக்குப் போகிற வழியில் அருவி என்பது புதிது. குற்றாலத்தில் குளிக்க வரிசையில் நிற்போம். இங்கே குளிக்காதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஏரிக்கரைச் சந்தையில் விதவிதமான ஆப்பிள்கள், சூடான ஆப்பிள் சாறு, அதே சாற்றை விட்டுப் பிசைந்து பொரித்த டோனட். பக்கத்துக் கடையில் கம்போடியச் சாப்பாடு, நல்ல காரம்.

கார்னெலில் கார்ல் லகோஸும் சகாக்களும் 1990களில் டீன்ஸ்ட் என்ற நெறிமுறையை உருவாக்கினார்கள். கணினித் துறைகளின் ஆய்வறிக்கைகளை ஒரே இடத்திலிருந்து தேட அது. நீங்கள் ஒரு சொல்லைத் தட்டினால் அது எல்லா நூலகங்களுக்கும் ஒரே நேரத்தில் ஓடிப்போய்க் கேட்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓடையோரம் என்னோடு நடந்த கணினி நூலகர் இதிலுள்ள கோளாறைக் கணக்காகவே சொன்னார். ஒவ்வொரு சர்வரும் நூற்றுக்கு 99 நேரம் ஒழுங்காக ஓடுகிறது என்று வையுங்கள். அப்படி 100 சர்வர்கள். நூறும் ஒருசேர ஓடிக்கொண்டிருக்கும் நேரம் எவ்வளவு? நூற்றுக்கு 37தான். ஏதாவது ஒன்று எப்போதும் படுத்துக் கிடக்கும், மற்றவை அதற்காகக் காத்துக் கிடக்கும்.

ஆகவே எதிர்வழி பிறந்தது. தேடும் நேரத்தில் போய்க் கேட்காதே. முன்கூட்டியே போய்ப் பதிவுகளை மட்டும் வாங்கி வந்து ஓரிடத்தில் சேர். நம் ஊர்ப் பால் சொசைட்டி மாதிரி: மாடு அவரவர் தொழுவத்தில், பால் மட்டும் கேனில். நூல் அதனதன் வீட்டிலேயே இருக்கும், அதைப் பற்றிய பதிவு பயணப்படும். ஆங்கிலத்திலும் இதற்கு அறுவடை என்றுதான் பெயர். ஒரு தொழுவம் பூட்டியிருந்தாலும் சொசைட்டி நடக்கும்.

கட்டுரைகளை இதழில் வருமுன்பே எல்லோருக்கும் திறந்துவிடும் ஆர்க்கைவ் களஞ்சியத்துக்கும் கார்னெல் வீடானது. அதைத் தொடங்கிய பால் கின்ஸ்பார்க் 2001இல் லாஸ் அலமோஸிலிருந்து இங்கே வந்தபோது அதுவும் கூடவே வந்தது. 2022 தொடக்கத்தில் அதில் 20 லட்சம் கட்டுரைகள்.

சாண்டா ஃபே

சாண்டா ஃபேயில் இறங்கிய கையோடு மூச்சு வாங்குகிறது. 2,100 மீட்டருக்கும் மேல் உயரம், ஏறக்குறைய கொடைக்கானல். ஆனால் கொடைக்கானலின் ஈரம் இல்லை. வானம் கண்ணைக் குத்தும் நீலம், காற்றில் மிளகாய் வாசம். இலையுதிர் காலத் தொடக்கத்தில் தெருமுனைக்குத் தெருமுனை கம்பிவலை உருளைக்குள் பச்சை மிளகாயைக் கொட்டி, கீழே வாயு நெருப்பைச் சீறவிட்டுச் சுழற்றுகிறார்கள். தோல் கருகி வெடிக்கும் சத்தம் பட்டாசுச் சரம். சுழற்றிக்கொண்டிருந்த அம்மாளிடம் எங்கள் ஊரிலும் மிளகாய் உண்டு என்றேன். “எங்களிடமிருந்து போனதுதானே” என்றார். மறுக்க முடியாது. போர்ச்சுக்கீசியர் கொண்டு வரும்வரை நமக்கு மிளகுதான்.

எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி “சிவப்பா, பச்சையா?” மிளகாய்க் குழம்பைத்தான் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாகவே சட்டமன்றம் அறிவித்திருக்கிறது. இரண்டும் வேண்டுமென்றால் “கிறிஸ்துமஸ்” என்று சொல்ல வேண்டும். நீலச் சோள ரொட்டிக்கு மேல் இரண்டையும் பாதிப் பாதியாக ஊற்றித் தந்தார்கள். பச்சையில் புகை, சிவப்பில் மண். என் ஓட்டு பச்சைக்கு.

ஊர் முழுக்க மண் நிறம். வங்கி, விடுதி, அடுக்குமாடிக் கார் நிறுத்தம்கூட மண்சுவர் போல மழுங்கிய மூலைகளோடு நிற்கின்றன. 1957இல் போட்ட விதி அது: பழைய நகரப் பகுதியில் கட்டுகிறவர் பூர்வகுடி, ஸ்பானியப் பாணியைவிட்டு விலகக் கூடாது. உள்ளே எஃகு வைத்தாலும் கான்கிரீட் வைத்தாலும் கேள்வி இல்லை.

1999 அக்டோபர் 21, 22 தேதிகளில் இந்த ஊரில் ஒரு கூட்டம். கின்ஸ்பார்க், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் நூலகத் தலைவர் ரிக் லூஸ், பெல்ஜியத்து நூலகர் ஹெர்பர்ட் வான் டி சொம்பெல் மூவரும் அழைத்தது. ஒவ்வொரு துறையும் தனித்தனிக் கட்டுரைக் களஞ்சியம் வைத்திருந்த காலம். கூட்டத்தில் பிறந்த ஒப்பந்தத்துக்குச் சாண்டா ஃபே உடன்பாடு என்று பெயர். அதுவே முற்றி 2001 ஜனவரியில் அறுவடை நெறிமுறையாக வெளிவந்தது. 2002 ஜூனில் இரண்டாம் பதிப்பு. நெறிமுறை மொத்தமும் ஆறு ஏவல்களில் அடங்கிவிடுகிறது. நீ யார்? என்னென்ன வடிவில் தருவாய்? உன்னிடம் என்னென்ன தொகுதிகள்? அடையாள எண்களைச் சொல். பதிவுகளைக் கொடு. இந்த ஒரு பதிவை மட்டும் கொடு. பதில் சொல்கிறவர் தமக்குப் பிடித்த எந்த வடிவிலும் தரலாம். கூடவே டப்ளினின் 15 கட்டத்தில் கட்டாயம் தர வேண்டும். வீட்டுக்குள் மார்க் வைத்துக்கொள், வேறெதையும் வைத்துக்கொள், வாசலில் மட்டும் ஊரோடு ஒத்துப்போ. இந்தத் தெருக்களில் நடந்தபோது அந்த விதியைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

அதே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. விசைப்பலகைக்கு ஓர் உடன்பாடு வந்தது; இன்றும் பலர் விரல்களில் ஓடும் தமிழ் 99. எழுத்துக் குறியீட்டில் அது நடக்கவில்லை. அரசு டாம், டாப் என்று இரண்டைச் சொன்னது. அயலகத் தமிழர் பலர் டிஸ்கியில் எழுதினார்கள், ‘மதுரைத் திட்டம்’ மின்நூல்களும் அப்போது டிஸ்கிதான். பத்திரிகைகள் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்துக்கொண்டன. 2010இல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஆணையிட்டது, அப்போதும் டேஸ் 16 என்று இன்னொன்று கூடவே ஒட்டிக்கொண்டது. சாண்டா ஃபேக்காரர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் மிகக் குறைவாகக் கேட்டார்கள். நாம் எழுத்தின் இலக்கணம், மானம், மரபு எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்தோம்.

குறைவாகக் கேட்டதற்கு விலையும் உண்டு. 15 கட்டத்துக்குள் அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பியதால், சேர்த்த பிறகு பார்த்தால் ஒரே ஆசிரியர் நாலு பெயரில் நிற்பார். தேதிக் கட்டத்தில் சிலர் புத்தக வருஷத்தைப் போட்டார்கள், சிலர் ஸ்கேன் செய்த நாளைப் போட்டார்கள். கூகுள் இந்த நெறிமுறை வழியே தளங்களை அறிந்துகொள்வதை 2008இல் நிறுத்திவிட்டது. சந்தேகத் தேதியை எழுதுவதற்கு ஒரு பொதுமுறை சர்வதேசத் தரத்துக்குள் ஏற 2019 ஆனது. சதுர அடைப்புக்குள் 1867, 1927 என்று எழுதினால் இரண்டில் ஏதோ ஒன்று என்று இப்போது கணினிக்குப் புரிய வைக்கலாம், கணினியை அப்படி எழுதியவர் மனம் வைத்திருந்தால்.

லாஸ் அலமோஸ்

சாண்டா ஃபே சதுக்கத்தருகே 109, கிழக்குப் பேலஸ் தெரு. டப்ளின் கதிர்களின் அதே எண், தற்செயல்தான். 1943 முதல் அணுகுண்டுத் திட்டத்துக்கு வந்த விஞ்ஞானிகள் இந்தச் சின்ன அலுவலகத்தில்தான் முதலில் வந்து சேர்ந்தார்கள். டாரதி மெக்கிபின் என்ற பெண்மணி அவர்களுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்து மலைக்கு அனுப்பிவைத்தார். நானும் அதே மலைக்குத்தான் கிளம்பினேன். ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டியதும் சாலை செங்குத்துப் பாறையைக் கீறி ஏறுகிறது. மேலே மேசை போல் தட்டையான திட்டுகள், இடையிடையே ஆழமான பிளவுகள், ஊசியிலை மரங்கள். சிகாகோ மைதானத்துப் படிக்கட்டுக்குக் கீழே மூட்டியது இங்கேதான் வெடிகுண்டாக உருப்பெற்றது.

உலகிலேயே இறுகப் பூட்டிய ஊராக இருந்த இங்கேதான் 1991 ஆகஸ்டில் கின்ஸ்பார்க் ஒரு நெக்ஸ்ட் கணினியில் இயற்பியல் கட்டுரைகளை எல்லோருக்கும் திறந்துவிட்டார். வான் டி சொம்பெல் பின்னர் இதே ஆய்வகத்தின் நூலகத்துக்கு வந்து, ஒரு வலைப்பக்கம் கடந்த காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்டு வாங்கும் மெமெண்டோ நெறிமுறையில் உழைத்தார். ஆய்வகத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். ஊர்ப் பொது நூலகத்தில் கண்ணாடி வழியே மலைகளைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். அங்கே பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எண்பதைத் தொட்ட பெரியவர். போர்க்காலத்தில் இங்கே பிறந்தவர்.

ஊரே ரகசியம் என்பதால் அன்று எல்லோருக்கும் ஒரே முகவரி: தபால் பெட்டி 1663, சாண்டா ஃபே. கடிதம், ஓட்டுநர் உரிமம், எல்லாம் அதில்தான். பிறந்த குழந்தைகளின் சான்றிதழிலும் அதுதான் பிறந்த இடம்.

“நூலகக் கணினிகளைப் பற்றி விசாரிக்கத்தானே வந்திருக்கிறீர்கள்? என்னை உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?” என்று கேட்டார்.

பரப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது, இடமும் காலமும் அதில் வரும் என்றேன். தபால் பெட்டியை அதில் எழுதத் தடை ஒன்றுமில்லை.

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்காவின் பேரன் குடும்ப வம்சாவளியைக் கணினியில் ஏற்றினானாம். ஊர் பெயர் கேட்ட இடத்தில் சான்றிதழில் இருந்ததை அப்படியே போட்டிருக்கிறான். கணினி ஒரு கணமும் தயங்காமல் சாண்டா ஃபே நகரத்தின் நடுவில், அஞ்சலகத்துக்குள், சிவப்புப் புள்ளி வைத்துவிட்டது. கூடவே அவருடைய தம்பிக்கும்.